பழைய ஓவியங்களில் பயந்தவர்களின் முகம் ஏன் அவ்வளவு மிகையாக இருக்கிறது?

ஓவியத்தில் பயம் என்பது முகத்திலும் உடலிலும் தெரியும் அறிகுறிதான். படத்துக்குச் சத்தமும் கிடையாது, அசைவும் கிடையாது. டிவியில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பேய்ப்படம் பார்த்தால் எப்படி? பாதி பயம் போய்விடும். அந்தப் பாதியைக் கண்ணும் வாயும் கையும் ஈடுகட்ட வேண்டும்.

பிரான்சில் ஓவியர் சார்லஸ் லெ ப்ரூன் 1668-ல் இதைப் பாடமாகவே நடத்தினார்: திகிலில் புருவம் ஏறும், கண் விரியும், வாய் பிளக்கும், முடி சிலிர்க்கும். பலர் அப்படியே பின்பற்றினார்கள். அதனால்தான் பல முகங்கள் நாடக மேடை முகங்கள் போலிருக்கின்றன.

ஸ்பெயின் ஓவியர் கோயா வேறு மாதிரி. 1808 மே மாதம் மாட்ரிட்டில் பிரெஞ்சுப் படை மக்களைச் சுட்டுக்கொன்றதை 1814-ல் வரைந்தார். தரையில் ஒரு விளக்கு. வெள்ளைச் சட்டைக்காரர் கைகளை விரித்து மண்டியிட்டிருக்கிறார், பக்கத்தில் ஒருவர் முகத்தைப் பொத்திக்கொள்கிறார். சுடும் சிப்பாய்களுக்கு முகமே தெரியாது, வரிசையாக முதுகுகள்தான். என்னைக் கேட்டால், அந்த முதுகுகள்தான் அதிகம் பயமுறுத்துகின்றன.

அப்புறம், நார்வே ஓவியர் மூங்க் 1893-ல் வரைந்த ‘அலறல்’ ஓவியத்தில் முன்னால் நிற்கும் உருவம்தான் அலறுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். மூங்க் எழுதிவைத்தபடி அலறல் இயற்கையிலிருந்து வருகிறது, அந்த உருவம் காதைப் பொத்திக்கொண்டிருக்கிறது.