சப்வூஃபரும் ரிசீவரும்: கேட்டவர்களுக்குச் சொன்ன பதில்கள்

ஹட்டன் பக்கத்தில் சவுண்ட் செட் பழுது பார்க்கிறேன். அடிச்சத்தத்தை (பேஸ்) மட்டும் போடுகிற பெட்டியான சப்வூஃபர் பற்றியும், அதையும் மற்ற ஸ்பீக்கர்களையும் ஓட்டுகிற ரிசீவர் பற்றியும் கேளுங்கள் என்றேன். கேள்விகள் வந்து குவிந்துவிட்டன.

தலவாக்கலை: அண்ணே, ரிசீவரில் 'சப் அவுட்' ஒரே ஓட்டைதான். சப்வூஃபரில் இடது, வலது என்று இரண்டு இருக்கிறது. எதில் குத்துவது?

ஒரு ஆர்சிஏ வயர் போதும் தம்பி. இரண்டில் ஒன்றுக்குப் பக்கத்தில் 'எல்எஃப்இ' (பேஸ் தடம்) என்று எழுதியிருந்தால் அதில் குத்துங்கள். இல்லாவிட்டால் இடது பக்கம். சப்வூஃபரின் கிராஸ்ஓவர் திருகை, அதாவது எந்த ஹெர்ட்ஸுக்கு மேல் சத்தத்தை வெட்டுவது என்று சொல்கிற திருகை, கூடுதல் ஹெர்ட்ஸ் பக்கம் முழுதாகத் திருப்பி விடுங்கள், வெட்டுகிற வேலையை ரிசீவர் பார்த்துக்கொள்ளும். வால்யூம் பாதி. வயர் குத்தும்போது இரண்டையும் அணைத்திருங்கள், இல்லையென்றால் 'டம்' என்று ஒரு அடி விழும்.

கொட்டகலை: படம் போட்டால் வீடு அதிர்கிறது. பாட்டுப் போட்டால் சப்வூஃபர் செத்துக் கிடக்கிறது. பழுதா?

பழுது இல்லை. என்னிடம் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இதே கதைதான். 5.1 படத்தில் அந்த '.1' என்பது பேஸுக்கென்றே தனித் தடம். பாட்டு ஸ்டீரியோ, அதில் அந்தத் தடமே கிடையாது. முன் ஸ்பீக்கர்களின் அடிச்சத்தத்தைப் பிரித்து ரிசீவர்தான் சப்வூஃபருக்கு அனுப்ப வேண்டும். ஸ்பீக்கர் செட்டிங் 'லார்ஜ்' என்று இருந்தால் அது அனுப்பாது. 'ஸ்மால்' என்று மாற்றி, கிராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். கைக்குள் அடங்குகிற குட்டி ஸ்பீக்கர் என்றால் 120 வரை போகலாம். ஆளுயர ஸ்பீக்கர் வாங்கிய ஒருவருக்கு 'ஸ்மால்' என்றதும் முகம் சுண்டிப்போனது. அது அளவுக்கான பட்டம் இல்லை ஐயா, பேஸைச் சப்வூஃபருக்கு விடு என்கிற உத்தரவு, அவ்வளவுதான். அப்புறம், சத்தத்தில் கைவைக்காமல் அப்படியே விடுகிற 'டைரக்ட்' மோடில் பாட்டுக் கேட்டாலும் பல ரிசீவர்கள் சப்வூஃபரை விட்டுவிடும். அதையும் பாருங்கள்.

பண்டாரவளை: பழைய ஹோம் தியேட்டர் செட்டின் சப்வூஃபர் இருக்கிறது. அதில் கரண்ட் வயரே இல்லை. சேருமா?

நேராகச் சேராது. அதற்குள் எம்ப் (சிக்னலைப் பெருக்குகிற ஆம்ப்ளிஃபயர்) இல்லை. சப் அவுட்டில் வருவது வெறும் சிக்னல், அதை வைத்துக் கூம்பை அசைக்க முடியாது. நடுவில் தனி எம்ப் வேண்டும். ரிசீவரின் ஸ்பீக்கர் முனையில் மாட்டிப் பார்க்க வேண்டாம். அந்தச் செட் பெட்டிகளில் பல 3, 4 ஓம். ரிசீவர் சூடாகி நின்றுவிடும்.

மஸ்கெலியா: படம் ஓடாதபோதும் 'ங்ங்ங்' என்று இரைகிறது, அண்ணா.

தங்கச்சி, முதலில் டிஷ் வயரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் எர்த் இரண்டு வழியாகச் சேர்ந்து, அதில் கரண்ட் சுற்றிக்கொண்டு வருகிறது என்று அர்த்தம். டிவி, டிஷ் பெட்டி, ரிசீவர், சப்வூஃபர் எல்லாவற்றையும் ஒரே மல்டி பிளக்கில் போடுங்கள். எர்த் முனையை ஒடித்துவிடு என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

நோர்வூட், லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடு): பக்கத்துக் காம்பரா (அறை) ஆச்சி தினமும் சுவரைத் தட்டுகிறார். எங்கே வைப்பது?

ஆச்சி பக்கம்தான் நியாயம். 40 ஹெர்ட்ஸ் அலை ஒன்று ஏறக்குறைய எட்டரை மீட்டர் நீளம், லயத்துச் சுவர் அதற்கு எம்மாத்திரம்? மூலை வேண்டாம், அங்கே பேஸ் உப்பிவிடும். பொதுச்சுவரை விட்டு நகர்த்தி, அடியில் தடித்த ரப்பர் போடுங்கள். சரியான இடம் கண்டுபிடிக்க, நீங்கள் உட்காரும் கதிரையில் சப்வூஃபரைத் தூக்கி வைத்து ஒரு பாட்டை ஓடவிட்டு, தரையில் தவழ்ந்து கேளுங்கள். எங்கே தெளிவாகக் கேட்கிறதோ அங்கே வையுங்கள். நான் தவழ்ந்தபோது வீட்டில் சிரித்துத் தீர்த்தார்கள். கூரைத் தகரம் கிணுகிணுத்தால் அது சப்வூஃபரின் குற்றம் இல்லை, ஆணியை இறுக்குங்கள். இரவு ஒன்பதுக்கு மேல் ரிசீவரில் சப் லெவலை 6 டெசிபல் குறையுங்கள்.

நுவரெலியா: இடி மின்னல் நேரம் சுவிட்சை அணைத்தால் போதாதா?

போதாது. ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரம் மழை கறுத்து வரும்போதே பிளக்கைக் கழற்றுங்கள். டிஷ் வயரையும்தான், அதை மறந்தவர்களின் ரிசீவர் இரண்டு இப்போதும் என் மேசையில் கிடக்கிறது.