ஸ்கேன் அறிக்கையில் ‘அடினோமயோசிஸ்’ என்று மட்டும் இருந்தால், அது எத்தனையாவது நிலை என்று எப்படி அறிவது?

நிலை எண் குறிப்பிடப்படாததால் அறிக்கை முழுமையற்றதோ என்று கேட்டிருக்கிறீர்கள். இத்தகைய ஸ்கேன்களைப் பார்த்து அறிக்கை எழுதுவது என் தொழில். அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். புற்றுநோய்க்கு இருப்பதைப் போல எல்லோரும் ஏற்றுக்கொண்ட நிலைப் பகுப்பு அடினோமயோசிஸுக்கு இதுவரை இல்லை. ஆகவே எண் இல்லாதது குறையன்று. விவரிப்பு இல்லாததுதான் குறை.

கருப்பையின் உட்படலத்தில் இருக்க வேண்டிய சுரப்பிகளும் அவற்றைச் சூழ்ந்த திசுவும் தசைச் சுவருக்குள் காணப்படுவதே இந்நோய். நெடுங்காலம், அகற்றப்பட்ட கருப்பையை நுண்ணோக்கியில் பார்த்த பிறகே இதை உறுதிசெய்ய முடிந்தது. 1972-இல் பேர்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் வகுத்த மூன்று படிகளும், அத்திசு தசைக்குள் எவ்வளவு ஆழம் சென்றிருக்கிறது என்பதை அப்படி அளந்தவையே. கருப்பையோடு இருக்கும் ஒருவருக்கு அந்த அளவுகோல் எவ்வகையில் உதவும்?

இன்று முதற்கட்ட ஆய்வு பிறப்புறுப்பு வழியாகச் செய்யப்படும் அல்ட்ராசவுண்டு ஸ்கேன். அதற்கான பொதுச் சொற்களை ‘மூசா’ என்னும் நிபுணர் குழு 2015-இல் வகுத்தது. 2022-இல் வெளிவந்த திருத்தம் அடையாளங்களை நேரடியானவை, மறைமுகமானவை என்று பிரித்தது. தசைக்குள் தெரியும் சிறு நீர்க்கட்டிகள், வெண்மையான திட்டுகள், உட்படலத்திலிருந்து தசைக்குள் நீளும் கோடுகளும் மொட்டுகளும் நேரடியானவை, ஏனெனில் அங்கே தெரிவது இடம் மாறிய திசுவேதான். கருப்பை உருண்டு பருத்திருத்தல், ஒரு சுவர் மட்டும் தடித்திருத்தல், விசிறி போன்ற நிழல்கள் முதலியவை மறைமுகமானவை; இவை தசையில் ஏற்பட்ட மாற்றத்தையே காட்டுகின்றன. மறைமுக அடையாளம் ஒன்றை மட்டும் வைத்து நோயை உறுதியாக எழுதிவிடுவது, என் கருத்தில், அவசரம். பைப்ராய்டு கட்டியோடு குழப்பிக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. பைப்ராய்டுக்கு விளிம்பு தெளிவாக இருக்கும், இரத்தக் குழாய்கள் அதைச் சுற்றி ஓடும். அடினோமயோசிஸில் விளிம்பு மங்கலாகவும் குழாய்கள் பாதிப்பின் ஊடாகவும் செல்லும்.

ஸ்கேனில் ஐயம் நீங்காதபோதும், அறுவைச் சிகிச்சை திட்டமிடப்படும்போதும் எம்ஆர்ஐ பயன்படும். உட்படலத்தை ஒட்டிய தசை அடுக்கு 12 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் தடித்திருந்தால் நோய் இருக்கக்கூடும் என்பது வழக்கமான அளவு. ஆனால் மாதவிடாய் நாள்களிலும், தசை தற்காலிகமாகச் சுருங்கும் நேரத்திலும் அவ்வடுக்கு இயல்பாகவே தடித்துத் தோன்றும் என்பதால், அந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது. 2012-இல் கிஷி குழுவினர் எம்ஆர்ஐ அடிப்படையில் நால்வகையாகப் பிரித்தனர். அவற்றுள் கருப்பையின் வெளிப்புறத்திலிருந்து தசையைப் பாதிக்கும் வகையோடு எண்டோமெட்ரியோசிஸ் (உட்படலத்தைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) சேர்ந்து காணப்படுவது அதிகம். அவ்வகை என்று அறிக்கை சொன்னால் இடுப்புப் பகுதி முழுவதையும் கவனமாக ஆராய வேண்டும்.

எனவே அறிக்கை எழுதியவரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை வேறு: பாதிப்பு முன்சுவரிலா பின்சுவரிலா, ஓரிடத்திலா பரவியா, தசையின் எந்த அடுக்கில், நீர்க்கட்டிகள் உண்டா, கருப்பைத் தசையில் ஏறத்தாழ எத்தனை பங்கு. படத்தில் பரவலாகத் தெரிந்தும் அறிகுறியே இல்லாதவர்கள் உண்டு. அதனால் சிகிச்சையை முடிவுசெய்வதில் இரத்தப்போக்கின் அளவு, வலி, இரத்தசோகை, குழந்தை பெறும் விருப்பம் ஆகியவற்றுக்குப் படத்தைவிட அதிக இடமுண்டு. ஹார்மோன் மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் அதை ஸ்கேன் எடுப்பவரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள். அம்மருந்துகளால் அடையாளங்கள் மங்கிவிடக்கூடும்.