பால்வாடிப் பிள்ளையைப் பள்ளிக்குத் தயார்ப்படுத்துவது டீச்சருக்கு ஏன் கஷ்டம்?

பள்ளிக்குத் தயாராவது என்றால் அம்மாவை விட்டு இருப்பது, சொன்னதைக் கேட்பது, ஒண்ணுக்கு வருகிறது என்று வாய்விட்டுச் சொல்வது. அவ்வளவுதான். ஆனால் அங்கன்வாடியில் மூன்று வயதும் ஐந்து வயதும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கும். எடை பார்ப்பது, சத்துமாவு கொடுப்பது, பதிவேடு எழுதுவது எல்லாம் அதே டீச்சர்தான். டெல்டாவில் நடவு வந்துவிட்டால் அம்மாக்கள் விடியும்போதே வயலுக்குப் போய்விடுவார்கள். பிள்ளை பாதித் தூக்கத்தில், பாட்டி இடுப்பில் வரும்.

இதற்கு நடுவே, "இன்னும் அ, ஆ எழுதலையா?" என்று வீட்டில் கேட்பார்கள். நாற்றங்காலில் தேறாத நாற்றைப் பறித்து நட முடியுமா? விரலில் பலம் வராமல் பென்சில் பிடிக்கச் சொல்வதும் அப்படித்தான்.

அப்புறம், களிமண் உருட்டுவதும் புளியங்கொட்டை பொறுக்குவதும் வெறும் விளையாட்டு என்று நினைக்கிறார்கள். எழுதப்போகும் விரலுக்கு அதுதான் பயிற்சி.