காகம் இல்லாத திருப்பூர்

வணக்கம். திருப்பூரில் சிறு வணிகம் செய்கிறேன். நண்பர்கள் சிலர் ஞாயிறுதோறும் நஞ்சராயன் குளத்தில் பறவை பார்க்கிறோம். ஊர்க்காரர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லித்தர 12 பேரைத் தன்னார்வலர்களாகப் பயிற்றுவிக்கத் தொடங்கியிருக்கிறோம். ஆறு வாரப் பாடத்திட்டத்தை இணைத்துள்ளேன். எத்தனை பறவைகளை அடையாளம் சொன்னால் ஒருவருக்குச் சான்றிதழ் தரலாம்? எழுத்துத் தேர்வு வைக்கலாமா? எங்கள் முதல் நாள் பட்டியலும் உண்டு, 41 வகை. பட்டைத்தலை வாத்துகூட வந்திருந்தது!
மு.

அன்புள்ள மு.,

பாடத்திட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டுப் பட்டியலைத்தான் முதலில் திறந்தேன். பட்டைத்தலை வாத்து, ஊசிவால் வாத்து, பாம்புத்தாரா, மூன்று வகை உள்ளான். மேலும் கீழும் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தேன். காகம் இல்லை. மைனா இல்லை. 12 பேர், இரண்டு மணி நேரம், திருப்பூரில் ஒரு காக்காய்கூடக் கண்ணில் படவில்லையா?

கோபித்துக்கொள்ளாதீர்கள், இதே தப்பைச் செய்தவன்தான் நானும். 2016 பொங்கலுக்கு ஊரில் இருந்தேன். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு அதற்கு முந்தைய ஆண்டுதான் தொடங்கியிருந்தது. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எழுதி, பறவைப் பட்டியல்களைச் சேர்க்கும் இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். கனு அன்று, அதாவது மாட்டுப் பொங்கல் காலை, மொட்டை மாடியில் நான் பைனாகுலரும் நோட்டுமாக நிற்கிறேன். அம்மா மஞ்சள் இலையைப் பரப்பிக் காகங்களுக்கு மஞ்சள் சோறும் சிவப்புச் சோறும் வைத்துக்கொண்டிருக்கிறாள். காக்காய்ப் பிடி, கனுப் பிடி. கொய்யா மரத்துக்குள் ஏதோ ஒரு கதிர்க்குருவி. காகங்கள் வந்து கத்தியதில் அது உள்ளே போய்விட, எரிச்சலில் அவற்றைக் கையை ஓங்கி விரட்டினேன்.

முடிந்ததும் அம்மா நோட்டை வாங்கிப் பார்த்தாள். "காக்கா எங்கடா?"

"அது எப்பவும் இருக்கறதுதானேம்மா."

"எத்தனை வந்துது, சொல்லு."

தெரியவில்லை.

"ஒம்பது. அதுல ரெண்டு அண்டங்காக்கா. நொண்டி இன்னிக்கு வரலை."

அந்தப் பட்டியலில் அம்மாவின் கணக்கைத்தான் ஏற்றினேன். வீட்டுக்காகம் 7, அண்டங்காகம் 2. குறிப்புப் பகுதியில் 'எண்ணியவர்: அம்மா'.

'எப்பவும் இருக்கறதுதானே' என்று நினைத்த பறவைகள்தான் நம்மை ஏமாற்றின. 1980களில் வட இந்தியாவில் பாறுக் கழுகு அவ்வளவு சாதாரணம். (பிணந்தின்னிக் கழுகு என்று எழுதாதீர்கள். நல்ல பெயர் இருக்கும்போது எதற்கு அது?) ராஜஸ்தானின் பரத்பூரில் அப்போதே அவற்றின் கூடுகளை எண்ணிவைத்திருந்தார் பறவை ஆய்வாளர் விபு பிரகாஷ். 90களின் நடுவில் அதே இடத்தில் மறுபடி எண்ணியபோதுதான் பாதிக்கு மேல் காணோம் என்று தெரிந்தது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்து, செத்த மாட்டின் வழியாகக் கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்பது 2004இல் வெளிவந்தது. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தை நம் நாடு தடை செய்தது. அதற்குள் வெண்முதுகுப் பாறுகள் நூற்றுக்கு 99க்கு மேல் போய்விட்டன. பழைய எண்ணிக்கை மட்டும் இல்லையென்றால், 'முன்னெல்லாம் நிறைய வரும்' என்று டீக்கடையில் பேசிக் கலைந்திருப்போம்.

மின்கம்பியில் உட்கார்ந்திருக்குமே பனங்காடை, அதுவும் 12 ஆண்டுகளில் சுமார் 30 சதவீதம் குறைந்திருக்கிறது என்கிறது 2023இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை. அதைக் கண்டுபிடித்தது உங்களையும் என்னையும் போன்ற ஏறத்தாழ 30,000 பேர் ஏற்றிய பட்டியல்கள். கணக்கு மிக எளிது. ஒரு பகுதியிலிருந்து 100 முழுப் பட்டியல்கள் (தெரிந்த எதையும் விடாமல் எழுதியவை) வந்தால், அவற்றில் எத்தனையில் அந்தப் பறவை இருக்கிறது என்று பார்க்கிறார்கள். ஆகவே நீங்கள் எழுதாமல் விட்டதும் ஒரு செய்தி. 'அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதினீர்களா' என்ற இ-பேர்டின் கேள்விக்கு 'ஆம்' என்று வேறு டிக் அடித்திருக்கிறீர்கள். அன்று அந்தக் குளத்தில் காகமே இல்லை என்று 12 பேர் கையெழுத்துப் போட்டதற்குச் சமம் அது. போதாக்குறைக்குக் கொக்குக்கும் மடையானுக்கும் எண்ணுக்குப் பதில் பெருக்கல் குறி. எண்ண முடியாமல் போட்டிருந்தால் சரி. எண்ணச் சோம்பல்பட்டுப் போட்டதுபோலத் தெரிகிறது.

பிறகுதான் பாடத்திட்டத்தைப் பார்த்தேன். நான்காம் வாரம், 'சிட்டுக்குருவியை அழித்த செல்போன் டவர்'. அதைக் கிழித்துப் போடுங்கள். நாடு முழுக்க எடுத்துக்கொண்டால் 25 ஆண்டுகளில் சிட்டுக்குருவி பெரிதாகக் குறையவில்லை, பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்று அதே நிலை அறிக்கையின் 2020 பதிப்பு சொல்லிவிட்டது. டவர்தான் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. குருவியையும் விடாமல் எழுதியவர்கள் இருந்ததால்தான் அதையாவது சொல்ல முடிந்தது. பள்ளிக்கூடத்தில் போய் டவர் கதையைச் சொல்லிவிட்டு, அடுத்த வகுப்பில் பாறுக் கழுகைப் பற்றி எந்த முகத்தோடு பேசுவீர்கள்?

சான்றிதழ், எழுத்துத் தேர்வு எல்லாம் உங்கள் விருப்பம்.

வேலை நாள் முழுக்க உழைத்துவிட்டு ஞாயிறு விடியற்காலைத் தூக்கத்தையும் விட்டு 12 பேர் குளக்கரைக்கு வருகிறார்கள் என்பது எனக்குச் சின்ன விஷயமில்லை. இமயத்தைத் தாண்டி வந்த வாத்தைப் பார்த்துத் துள்ளாதே என்று சொல்கிற வயதும் எனக்கு இன்னும் வரவில்லை. துள்ளுங்கள். ஆனால் வரும் ஞாயிறு குளத்துக்குக் கிளம்புமுன் அந்த 12 பேரும் அவரவர் வாசலில் 15 நிமிடம் நின்று ஒரு பட்டியல் எழுதட்டும். அந்தத் தெருவில் காக்காய்க்குச் சோறு வைக்கிறவர் யாராவது இருந்தால் அவரிடமும் கேட்டுக்கொள்ளட்டும். 12 பட்டியலையும் எனக்கு அனுப்புங்கள்.