பெஞ்சமின் பிராங்க்ளின் இடிதாங்கியைக் கண்டுபிடித்தவர் என்பதைத் தாண்டி, அவரிடம் அப்படி என்ன சிறப்பு?

எனக்கு இடிதாங்கியை விட அவருடைய குறிப்பேடுதான் பெரிது. அடக்கம், சிக்கனம், மௌனம் என்று 13 நற்பண்புகளை எழுதிக்கொண்டார். பக்கத்துக்கு ஒரு பண்பு, வாரத்தின் 7 நாட்களுக்கு 7 கட்டம். தவறிய நாளில் கருப்புப் புள்ளி. பழைய புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாளே ஓட்டையாகிவிட்டதாம்! பொருட்களை ஒழுங்காக அதனதன் இடத்தில் வைப்பது மட்டும் கடைசிவரை அவருக்குக் கைவரவில்லை. அதை மறைக்காமல் எழுதியும் வைத்தார்.

1706இல் பாஸ்டனில் மெழுகுவர்த்தி செய்பவரின் மகனாகப் பிறந்தவர். பத்து வயதோடு படிப்பு நின்றது. அப்புறம் அச்சகத் தொழில். 1731இல் பிலடெல்பியாவில் சந்தா நூலகம். 1776இல் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்து.

குறைந்த விறகில் அறையைச் சூடாக்கும் அடுப்பு ஒன்றை வடிவமைத்தார். ஆளுநரே காப்புரிமை தர முன்வந்தும் மறுத்துவிட்டார். பிறர் கண்டுபிடிப்புகளால் நாம் பயனடைகிறோம், நம்முடையதையும் தாராளமாகக் கொடுக்க வேண்டும் என்பது அவர் வாதம். லண்டனில் ஒருவர் அதைச் சற்றே மாற்றிக் காப்புரிமை வாங்கிப் பணம் பார்த்தபோதும் வழக்குக்குப் போகவில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது: அவரும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். ஆனால் முதுமையில் அடிமை ஒழிப்புச் சங்கத்துக்குத் தலைவரானார். 1790 பிப்ரவரியில் அடிமைமுறைக்கு எதிரான மனுவில் கையெழுத்திட்டு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு அனுப்பினார். ஏப்ரலில் காலமானார்.