கொலை வழக்கில் விடுதலையானவர் சிவில் வழக்கில் தோற்பது எப்படி?

கேள்வி: அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சன் கொலை வழக்கில் விடுதலையானார். பிறகு அதே கொலைகளுக்காக சிவில் கோர்ட் அவரை நஷ்டஈடு கட்டச் சொன்னது. ஹாலிவுட் நடிகர் ஜானி டெப் அவதூறு வழக்குப் போட்டு லண்டனில் தோற்றார், அமெரிக்காவில் ஜெயித்தார். இதில் எந்தத் தீர்ப்பை நம்புவது? விடுதலையான ஒருவரைக் கொலைகாரர் என்று எழுதினால் அவதூறு வழக்கு வருமா?

சட்டம் படித்துவிட்டு வக்கீல் தொழிலுக்குப் போகாதவன் நான். சட்ட ஆலோசனையாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அன்றைக்கு என்ன நடந்தது என்பதை மட்டும் தனியாக எந்தக் கோர்ட்டும் விசாரிப்பதில்லை. யார் நிரூபிக்க வேண்டும், எந்த அளவுக்கு, யாருக்கு எதிராக என்ற மூன்றும் கூடவே வரும். இதில் ஒன்று மாறினாலும் அதே சம்பவத்துக்கு வேறு தீர்ப்பு வரலாம். வந்தால் இரண்டில் ஒன்று பொய் என்று ஆகிவிடாது.

சிம்ப்சனின் முன்னாள் மனைவி நிக்கோல் பிரவுனும் அவருடைய நண்பர் ரான் கோல்ட்மனும் 1994 ஜூனில் கொல்லப்பட்டார்கள். 1995 அக்டோபர் 3 அன்று ஜூரி, அதாவது பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுத்த குழு, சிம்ப்சனை விடுவித்தது. கிரிமினல் வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும், ஜூரியில் 12 பேரும் ஒத்துப்போக வேண்டும். குடும்பத்தார் போட்ட சிவில் வழக்கிலோ 'அவர் செய்திருக்கவே வாய்ப்பு அதிகம்' என்று காட்டினால் போதும். கலிஃபோர்னியாவில் 12 பேரில் 9 பேர் சொன்னாலே தீர்ப்பு. 1997 பிப்ரவரியில் அவரைப் பொறுப்பாளியாக்கி, மொத்தம் 3.35 கோடி டாலர் கட்டச் சொன்னார்கள்.

இந்த அளவுகோல் வித்தியாசத்தோடு பலரும் விளக்கத்தை முடித்துக்கொள்கிறார்கள். என் பார்வையில் அதைவிடப் பெரிய விஷயம், சிவில் வழக்கில் சிம்ப்சனே சாட்சிக் கூண்டில் ஏறியது. கொலை வழக்கில் அவர் வாய் திறந்து சாட்சி சொல்லவில்லை. சொல்லச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவும் முடியாது. ஆனால் ஒருமுறை விடுதலையானவரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது அல்லவா? பதில் சொன்னால் தண்டனை வரும் என்ற பயத்துக்கே இடமில்லாதபோது, மௌனமாக இருக்கும் உரிமையும் சிவில் வழக்கில் செல்லாது. விடுதலைதான் அவரைப் பேச வைத்தது! கொலை நடந்த இடத்தில் 'புரூனோ மாலி' என்ற இத்தாலிய பிராண்டு காலணியின் தடம் இருந்தது. அப்படி ஒரு காலணி தன்னிடம் இருந்ததே இல்லை என்று சிவில் விசாரணைக்கு முந்தைய வாக்குமூலத்தில் சத்தியம் செய்து சொன்னார். அப்புறம் அதே மாதிரிக் காலணியோடு அவர் நிற்கும் 1993-ஆம் ஆண்டுப் படங்கள் வெளியே வந்தன. முதல் ஜூரி பார்க்காத படங்கள் அவை. தீர்ப்பான பணத்தில் பெரும்பகுதி அவர் இறக்கும்வரை வசூலாகவில்லை என்பது தனிக் கதை.

இதெல்லாம் அமெரிக்க விசித்திரம் என்று நினைக்க வேண்டாம். உயர் அழுத்த மின்கம்பியில் பேருந்து உரசி 8 பேர் அந்த இடத்திலேயே இறந்த ஒரு விபத்து வழக்கு 1980-இல் நம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. கிரிமினல் வழக்கில் விடுதலை ஆகிவிட்டது, எனவே நஷ்டஈடு கிடையாது என்பது பேருந்து நிறுவனத்தின் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. கிரிமினல் குற்றத்துக்குத் தேவையான அலட்சியம் வேறு, நஷ்டஈட்டுக்குப் போதுமான அலட்சியம் வேறு என்றது. விபத்து நஷ்டஈட்டு வழக்குகளில் இன்றும் அதுதான் நடைமுறை.

டெப் வழக்கு இதைவிடச் சிக்கல். 'தி சன்' பத்திரிகை அவரை மனைவியை அடிப்பவர் என்று எழுதியதற்காக லண்டனில் வழக்குப் போட்டார். அங்கே எழுதியது உண்மை என்று நிரூபிக்கும் சுமை பத்திரிகையின் மேல். டெப் அடித்ததாகச் சொல்லப்பட்ட 14 சம்பவங்களில் 12 நிரூபணமானதாகச் சொல்லி, 2020 நவம்பரில் நீதிபதி வழக்கைத் தள்ளினார். அமெரிக்காவில் சுமை தலைகீழ். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1964-ஆம் ஆண்டு சல்லிவன் தீர்ப்புக்குப் பிறகு, பொது வாழ்வில் இருப்பவர் வழக்குப் போட்டால், சொன்னது பொய் என்பதோடு, பொய் என்று தெரிந்தோ உண்மையா என்று கவலைப்படாமலோ சொன்னார்கள் என்பதையும் அவரே காட்ட வேண்டும். முன்னாள் மனைவி ஆம்பர் ஹேர்ட் எழுதிய கட்டுரைக்காக அவர் மீது வர்ஜீனியா மாநிலத்தில் போட்ட வழக்கில், 2022 ஜூனில் டெப் அதைக் காட்டி ஜெயித்தார். அதாவது வழக்குப் போடுபவருக்குச் சுலபமான நாட்டில் தோற்று, கடினமான நாட்டில் ஜெயித்திருக்கிறார்.

லண்டன் தீர்ப்பை வைத்து வர்ஜீனியா வழக்கை நிறுத்த ஹேர்ட் முயன்றார், முடியவில்லை. லண்டனில் பிரதிவாதி பத்திரிகைதான். ஹேர்ட் வெறும் சாட்சி. இரண்டாவது வழக்கில் அவரே எதிர்த்தரப்பு, எழுத்தும் வேறு. லண்டனில் தனி நீதிபதி, வர்ஜீனியாவில் ஜூரி. விளைவு மாறியதற்கு இந்தக் கடைசி வித்தியாசமே முக்கியக் காரணம் என்பது என் ஊகம். ஹேர்ட் போட்ட எதிர்வழக்கிலும் ஒரு பகுதியில் அவருக்கு 20 லட்சம் டாலர் கிடைத்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டு வழக்கிலும் வாதியும் பிரதிவாதியும் அதே ஆட்கள் என்றால் கதையே வேறு. எழுத்தாளர் ஜீன் கேரல் டிரம்ப் மீது போட்ட வழக்குகளைப் பாருங்கள். 2023 மே மாதம் ஒரு ஜூரி, பாலியல் அத்துமீறலுக்கும் அவதூறுக்கும் டிரம்ப்பைப் பொறுப்பாளி என்று சொல்லி 50 லட்சம் டாலர் விதித்தது. அடுத்த வழக்கின் ஜூரி அதை மறுபடி விசாரிக்கவே இல்லை. முந்தைய முடிவை அப்படியே எடுத்துக்கொண்டு தொகையை மட்டும் முடிவு செய்தது: 8.33 கோடி டாலர். கிரிமினல் தண்டனை ஒருநாளும் இல்லாமல், 'அவள் சொல்வது பொய்' என்ற மறுப்பும் வழக்குக்கு ஒரு காரணமாகி, பழைய சம்பவம் முழுவதும் விசாரணைக்கு வந்துவிட்டது.

சரி, விடுதலையானவரைக் கொலைகாரர் என்று எழுதலாமா? இந்தியாவில் யோசித்து எழுதுங்கள். இங்கே அவதூறு கிரிமினல் குற்றமும்கூட; 2016-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு, இரண்டு ஆண்டு வரை சிறை. உண்மை என்பது மட்டும் போதாது, பொது நன்மைக்காகச் சொன்னதாகவும் இருக்க வேண்டும். ஆனால் கோர்ட்டில் நடந்ததை உள்ளபடி எழுதலாம். முடிந்த வழக்கைப் பற்றியும், சாட்சிகள் அதில் நடந்துகொண்டதைப் பற்றியும் நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்லலாம். பழைய தண்டனைச் சட்டத்திலேயே இதற்கு உதாரணம் உண்டு. 'அந்த வழக்கில் இவர் சொன்ன சாட்சியம் அவ்வளவு முரணாக இருக்கிறது. இவர் முட்டாளாகவோ நேர்மையற்றவராகவோதான் இருக்க வேண்டும்' என்றால் தப்பிக்கலாம். 'இவர் பொய் பேசுகிற ஆள் என்று எனக்குத் தெரியும், அதனால் சாட்சியத்தை நம்பவில்லை' என்றால் அந்த விலக்கு கிடைக்காது.