‘நாளையிலிருந்து வர வேண்டாம்’ என்று சொல்லிவிட்டால் போதுமா?

கேள்வி: தமிழ்நாட்டில் ஒரு தனியார் மருத்துவமனையில் 4 வருடம் 10 மாதம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். நைட் டியூட்டியில் ஒரே ஆளை இரண்டு வார்டுக்குப் போடுகிறார்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அடுத்த வாரமே ஹெச்.ஆர். கூப்பிட்டு, “மருந்து மாற்றிக் கொடுத்ததாக உங்கள் மேல் புகார் இருக்கிறது, நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிடுங்கள்” என்றார். மறுத்தேன். “நாளையிலிருந்து வர வேண்டாம்” என்றார்கள். மறுநாள் போனால் விரல் ரேகை பதியவில்லை, டியூட்டி வாட்ஸ்அப் குரூப்பிலிருந்தும் நீக்கிவிட்டார்கள். ஆர்டர் எதுவும் தரவில்லை. நான் என்ன செய்யலாம்?

பதில்: ராஜினாமா எழுதித் தராதது நல்லதாயிற்று, சகோதரி. எழுதியிருந்தால், மிரட்டி வாங்கினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழுந்திருக்கும். (அப்படி எழுதிக் கொடுத்துவிட்டவர்கள் அன்றைக்கே மின்னஞ்சலில், ‘கட்டாயத்தில் எழுதியது, திரும்பப் பெறுகிறேன்’ என்று அனுப்பிவிட வேண்டும். பத்து நாள் கழித்து அனுப்பினால் நம்ப மாட்டார்கள்.)

ஆர்டர் தராததற்குக் காரணம் இருக்கிறது. நாளை ‘அவராகவே வேலைக்கு வராமல் நின்றுவிட்டார்’ என்று சொல்லத்தான். அதனால் இன்றே நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: எந்தத் தேதி, எத்தனை மணிக்கு டியூட்டிக்குப் போனீர்கள், யார் தடுத்தார்கள், இப்போதும் வேலை செய்யத் தயார், வேலை கொடுங்கள் அல்லது காரணத்தை எழுத்தில் கொடுங்கள். அவ்வளவுதான். கோபத்தை அதில் கொட்டாதீர்கள். மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ‘வந்து சேருங்கள்’ என்று அவர்கள் பதில் போட்டால் போய் நில்லுங்கள். போகாவிட்டால் வழக்கு அங்கேயே பலவீனப்படும்.

சட்டப்படி மருத்துவமனைக்கு இரண்டே வழிதான். மருந்து மாறியது குற்றம் என்றால் குற்றச்சாட்டு மெமோ கொடுத்து, உங்கள் விளக்கத்தைக் கேட்டு, உள்விசாரணை நடத்தி, சாட்சிகளை நீங்கள் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்புத் தந்து, பிறகே தண்டிக்கலாம். தண்டனையாக இல்லாமல் அனுப்புகிறார்கள் என்றால் அது ஆட்குறைப்பு. அதற்கு ஒரு மாத நோட்டீஸ் அல்லது ஒரு மாதச் சம்பளம், கூடவே வருடத்துக்கு 15 நாள் சராசரிச் சம்பளம் தர வேண்டும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதி முழு வருடமாகக் கணக்காகும் என்பதால் உங்களுக்கு 75 நாள் சம்பளம் வரும். வாய்மொழியாக ‘வராதே’ என்பது இந்த இரண்டிலும் சேராது.

இந்தப் பாதுகாப்பு, சட்டம் ‘தொழில்’ என்று ஏற்கும் நிறுவனத்தில் ‘தொழிலாளர்’ என்று ஏற்கப்படுகிறவருக்குத்தான். மருத்துவமனையும் ‘தொழில்’தான் என்று 1978-இல் பெங்களூர் குடிநீர் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்போ, முழுக்கவோ பெரும்பகுதியோ தரும காரியம் செய்யும் அமைப்புகள் நடத்தும் நிறுவனங்களை விலக்குகிறது. உங்கள் மருத்துவமனை டிரஸ்ட் பெயரில் இருந்தால் இந்த வாதம் நிச்சயம் வரும், வக்கீலிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஸ்டாஃப் நர்ஸ், லேப் டெக்னீஷியன் எல்லாம் தொழிலாளர்தான். மேற்பார்வைப் பணியில் மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் வாங்குகிறவர் அந்த வரையறைக்குள் வர மாட்டார். ஆனால் ‘இன்சார்ஜ்’ என்ற பட்டத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டார்கள், அன்றாடம் என்ன வேலை செய்தீர்கள் என்றே பார்ப்பார்கள். டாக்டர்களைத் தொழிலாளராக ஏற்க நீதிமன்றங்கள் பெரும்பாலும் தயங்கியிருக்கின்றன.

நீங்கள் போக வேண்டிய இடம் தொழிலாளர் துறையின் சமரச அலுவலர். பழைய தொழில் தகராறுகள் சட்டத்தில் மூன்று வருடம் வரை அவகாசம் இருந்தது, இப்போது இரண்டு வருடம்தான். ஆனால் ஓரிரு மாதத்துக்குள் மனுக் கொடுத்துவிடுங்கள். ரோஸ்டரும் (டியூட்டி அட்டவணை) சிசிடிவி பதிவும் உங்களுக்காகக் காத்திருக்காது. சமரசம் முறிந்தால், அலுவலரின் அறிக்கை கிடைத்து 90 நாளுக்குள் தொழில் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். மறு வேலையும் பின்சம்பளமும் (வேலையிலிருந்து நிறுத்தி வைத்த காலத்துக்கான சம்பளம்) கேட்கும்போது, வேறெங்கும் வேலையில் இல்லை என்பதை மனுவிலேயே சொல்ல வேண்டும். விட்டுவிட்டால் பின்சம்பளம் குறையும். இடையில் வேலைக்குச் சேர்ந்தால் மறைக்காதீர்கள், பி.எஃப். கணக்கே காட்டிக் கொடுத்துவிடும்.

ஆதாரம் சேர்க்கும்போது நர்ஸுகள் வழக்கமாகச் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நோயாளியின் கேஸ் ஷீட்டைப் போட்டோ எடுத்து வைப்பார்கள். அது ரகசிய மீறல் என்று புதிய குற்றச்சாட்டாகத் திரும்பும். வார்டு, தேதி, ஷிஃப்ட் மட்டும் குறித்து வையுங்கள், ஆவணத்தை வரவழைக்கத் தீர்ப்பாயத்திடம் கேட்கலாம். நியமன ஆணை, சம்பளச் சீட்டு, உங்கள் பெயர் உள்ள ரோஸ்டர், நீங்கள் கொடுத்த புகாரின் நகல் ஆகியவை தாராளமாக உங்களிடம் இருக்கலாம். பி.எஃப். தளத்தில் வெளியேறிய தேதியும் காரணமும் என்ன போட்டிருக்கிறார்கள் என்று ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ‘ராஜினாமா’ என்று இருந்தால் உடனே ஆட்சேபியுங்கள்.

ஐந்து வருடம் ஆகாததால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) இல்லை என்பார்கள். ஐந்தாம் வருடத்தில் 240 நாள் முடித்திருந்தாலே உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000 ரூபாய் என்றால், அதை 15-ஆல் பெருக்கி 26-ஆல் வகுத்தால் 7,500. ஐந்து வருடத்துக்கு 37,500 ரூபாய். நிலுவைச் சம்பளம் இரண்டு வேலை நாளுக்குள் வர வேண்டும். செட்டில்மென்ட் வவுச்சரில் கையெழுத்துக் கேட்டால், ‘ஆட்சேபணையுடன் பெறுகிறேன்’ என்று எழுதிவிட்டுப் போடுங்கள்.

வக்கீல் செலவுக்குப் பயப்பட வேண்டாம். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் ஏற்பாடு செய்யும். உதவி எண் 15100.